ஆயிரம் கெஜத்துக்கு ஒரு கணக்கு

.308 ரைபிளிலிருந்து வினாடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்பும் 175 கிரெயின் (பதினோரு கிராம் சொச்சம்) எடையுள்ள குண்டு, ஆயிரம் கெஜம் போய்ச் சேர ஏறக்குறைய 1.7 வினாடி எடுத்துக்கொள்ளும். ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். துப்பாக்கி 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால், ஆயிரம் கெஜத்தைத் தொடும்போது அந்தக் குண்டு பார்வைக்கோட்டுக்குப் பத்து மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இருக்கும். அமெரிக்காவின் நீண்ட தூரப் போட்டிகளில் அந்தத் தூரத்தில் வைக்கும் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 20 அங்குலம், அரை மீட்டர். பத்து மீட்டர் விழப்போகிற ஒன்றை முன்கூட்டியே கணக்கிட்டு அரை மீட்டர் வட்டத்துக்குள் இறக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட இன்று கைப்பேசியில் ஒரு கால்குலேட்டர் ஆப் போதும். குண்டின் பெயர், கிளம்பும் வேகம், தூரம், வெப்பநிலை, காற்றழுத்தம் கொடுத்தால் ஒரு நொடிகூட ஆகாமல் "38.4" என்று பதில் வரும். துப்பாக்கியின் மேல் பூட்டிய தொலைநோக்கியான ஸ்கோப்பின் மேல் திருகை அத்தனை மினிட் திருப்பிவிட்டுச் சுடலாம். ஒரு மினிட் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நூறு கெஜத்தில் அது ஒரு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலம்.

நம் ஊரில் துப்பாக்கி சுடுதல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கம். அது 10 மீட்டர், உள்ளரங்கு. அங்கே காற்று கிடையாது, குண்டு விழும் தூரமும் பொருட்டில்லை. உடம்பும் மூச்சும்தான் ஆட்டம். நான் சொல்லும் நீண்ட தூர விளையாட்டில் உடம்பும் மூச்சும் சரியாக இருந்த பிறகு இன்னொரு பாதி தொடங்குகிறது. அந்தப் பாதி இயற்பியல். ஒஹையோவுக்கு வந்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். ஈரி ஏரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907-லிருந்து தேசியப் போட்டிகள் நடக்கின்றன. இலக்குகளுக்குப் பின்னால் ஏரி விரிந்து கிடக்கும். அந்தத் தண்ணீரின் மேலிருந்து வரும் காற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தக் கால்குலேட்டர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1742-ல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், தொங்கவிட்ட ஒரு கனமான ஊசலில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு பின்னால் போகிறது என்று பார்த்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வெவ்வேறு தூரங்களில் ஊசலை வைத்துப் பார்த்தபோது காற்று குண்டை எவ்வளவு கடுமையாக இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்தது. அதுவரை பலர் காற்றுத் தடையை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஒலியின் வேகத்தை ஒட்டி அந்தத் தடை திடீரென்று கூடுவதையும் அவர் கவனித்தார். மூன்று வருடம் கழித்து அவருடைய நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவான விளக்கங்களையும் சேர்த்தவர், கணித மேதை லியோனார்ட் ஆய்லர்.

அதற்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்து ஃபிரான்சிஸ் பாஷ்ஃபோர்த் வருகிறார். சம இடைவெளியில் வரிசையாகத் திரைகளை நட்டு, குண்டு ஒவ்வொன்றையும் கிழிக்கும் நேரத்தை மின்சாரக் கருவியால் பதிவு செய்தார். தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. நியூமெரிக்கல் மெத்தட்ஸ் தாளில் மில்ன் முறைக்குப் பக்கத்தில் வரும் ஆடம்ஸ்–பாஷ்ஃபோர்த் முறை, அதே பாஷ்ஃபோர்த்தான். நான்கு புள்ளிகளை வைத்து ஐந்தாவதை ஊகித்து, பிறகு திருத்துகிற அந்தக் கணக்கை நாமெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதில் பாதிப் பெயருக்குச் சொந்தக்காரர் பீரங்கிக் குண்டுகளின் வேகத்தை அளந்து வாழ்ந்தவர் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாளை இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன்.

அப்புறம் இரண்டாம் உலகப்போர். ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் தனி அட்டவணை தேவைப்பட்டது. 60 வினாடி பறக்கும் ஒரு குண்டின் பாதையை மேசைக் கால்குலேட்டரோடு ஒரு தேர்ந்த ஆள் கணக்கிட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அமர்ந்து அந்தக் கணக்குகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினி கட்டப்பட்டதே இந்த அட்டவணைகளுக்காகத்தான். அது அதே பாதையை 30 வினாடியில் முடித்தது. குண்டு தரையைத் தொடுவதற்கு முன்பே அதன் கணக்கு முடிந்துவிடும். அதற்கு நிரல் அமைத்தவர்கள், அதுவரை கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஆறு பேர்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கணினியின் வேலையை இன்று நம் சட்டைப்பையில் இருப்பது செய்கிறது. அதை அலட்சியமாகப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

டெக்சஸில் இருக்கும் ஒரு தம்பி போன வருடம் இதில் இறங்கினான். முதல் கேள்வியே, "அண்ணா, எந்த ஆப் வாங்கலாம்?"

"எது கையில் கிடைக்கிறதோ அது போதும்ப்பா. முதலில் அதில் என்ன எண்ணைப் போடப் போகிறாய், சொல்லு."

அதுதான் நான் சொல்ல வந்த விஷயமும். ஜேபிஎம் என்ற இணையக் கால்குலேட்டர் இலவசம். அப்ளைட் பாலிஸ்டிக்ஸ், ஹார்னடியின் 4டாஃப், கெஸ்ட்ரல் வானிலைக் கருவிக்குள்ளேயே வருவது என்று இன்னும் பல உண்டு. எல்லாம் தீர்ப்பது ஒரே சமன்பாட்டுக் குடும்பத்தை. ஒரே எண்களைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான பதிலையே தரும். வித்தியாசம் நாம் கொடுக்கும் எண்களில் இருக்கிறது. ஆகவே கால்குலேட்டரை விடை சொல்லும் பெட்டியாக மட்டும் பார்க்காமல், எந்த எண் எவ்வளவு முக்கியம் என்று நமக்குக் கற்றுத்தரும் ஆசிரியராகப் பயன்படுத்த வேண்டும். சுடும் ரேஞ்சுக்குப் போகாத நாளில் வீட்டு மேசையில் உட்கார்ந்து, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பது. பிறகு அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்த எண். இந்த விளையாட்டில் நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

அதே 175 கிரெயின் குண்டு, 2600 அடி வேகம், ஆயிரம் கெஜம், கடல்மட்டத்துக்கு அருகில் உள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம்.

கிளம்பும் வேகத்தை வினாடிக்கு 25 அடி குறைத்தால் குண்டு எட்டு, ஒன்பது அங்குலம் கீழே படும். பத்து மதிப்பெண் வளையத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்து அங்குலம்தான். அதாவது ஒரு சதவீத வேகப் பிழை ஏறக்குறைய முழு ஆரத்தையும் தின்றுவிடும். தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தை நம்பக்கூடாது என்பது இதனால்தான். அது வேறு ஒரு குழலில், வேறு நீளத்தில் அளந்தது. உங்கள் குழலில் 50 அடி கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். குண்டின் வேகத்தைக் காட்டும் குரோனோகிராஃப் கருவியை வைத்து அளந்தே ஆக வேண்டும். ரேடார் முறையில் வேலை செய்யும் சின்னப் பெட்டிகள் இப்போது வந்துவிட்டன. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். சுடுபவர் எதற்காவது பணம் செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் இதற்குத்தான் என்பது என் கருத்து.

தூரத்தைப் பத்து கெஜம் தவறாகக் கொடுத்தால் ஏழு அங்குலத்துக்கு மேல். நூறு கெஜத்தில் பத்து கெஜப் பிழை ஒன்றுமே இல்லை. ஆயிரத்தில் குண்டு வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதால் அது பெரிய பிழை. தூரம் குறிக்கப்பட்ட ரேஞ்சில் இந்தக் கவலை கிடையாது. ஆனால் இலக்குகளை மேட்டிலும் பள்ளத்திலும் பரப்பி வைத்து, ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சுடச் சொல்கிற போட்டிகளில் லேசர் தூரமானி தவறாகப் பின்னால் இருக்கும் புதரை அளந்துவிட்டால் கதை முடிந்தது.

வெப்பநிலையைப் பத்து டிகிரி செல்சியஸ் மாற்றினால் காற்றின் அடர்த்தி மட்டுமே ஏழெட்டு அங்குலம் மாற்றும். அதோடு தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தும் வெயிலில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் எரியும். சில மருந்துகளில் ஃபாரன்ஹீட்டில் ஒரு டிகிரிக்கு வினாடிக்கு ஒரு அடி வரை வேகம் மாறும். ஜூலையில் அளந்த வேகத்தை ஜனவரியில் போட்டால் இந்த இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும்.

ஈரப்பதம்? ஐம்பது சதவீதத்திலிருந்து தொண்ணூறுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு அங்குலம்கூட நகராது. நகரும் திசையும் பலர் நினைப்பதற்கு நேர்மாறு. ஈரக்காற்று கனமானது என்று தோன்றும். உண்மையில் நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் விட லேசானது என்பதால் ஈரக்காற்றின் அடர்த்தி குறைவு, குண்டு ஒரு மயிரிழை மேலே போகும். புழுக்கமான நாளில் "இன்று காற்று கனமாக இருக்கிறது" என்று சொல்லி மேலே திருகுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காற்றழுத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது; கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வானிலைச் செய்தியில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. நீங்கள் மலை மேல் நின்றாலும் அதில் 30 அங்குலம், 1015 ஹெக்டோபாஸ்கல் என்றுதான் இருக்கும். குண்டுக்கோ தான் பறக்கும் இடத்தின் நிஜ அழுத்தம்தான் தெரியும். நியூ மெக்சிகோவில் ராட்டன் ஊருக்குப் பக்கத்தில் விட்டிங்டன் சென்டர் என்ற பெரிய சுடுதளம் இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் நான்கு பங்குதான். ஒஹையோவில் 38 மினிட் கேட்கும் அதே குண்டு அங்கே நான்கைந்து மினிட் குறைவாகக் கேட்கும். இலக்கில் இது ஒரு மீட்டருக்கு மேல். கொடுத்த அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டதா என்று கேட்கும் ஒரு பெட்டியைக் கால்குலேட்டரில் டிக் செய்வதா வேண்டாமா என்பதில் இந்த ஒரு மீட்டர் அடங்கியிருக்கிறது. கையில் அழுத்தமானி இருந்தால் அது காட்டும் நிஜ அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, உயரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது நல்லது. இரண்டையும் கொடுத்தால் சில ஆப்கள் உயரத்தை இரண்டு முறை கழித்துவிடும்.

அடுத்த பொறி பி.சி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட். குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழிக்கிறது என்று ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. ஜி1 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தட்டை அடிப்பகுதி கொண்ட குட்டையான குண்டு மாதிரி. ஜி7 என்பது இன்றைய நீண்ட தூரக் குண்டுகளைப் போலக் கூர்மையான நீள மூக்கும் சரிந்த வாலும் கொண்டது. சியெரா நிறுவனம் தன் 175 கிரெயின் மேட்ச்கிங் குண்டுக்கு ஜி1 எண்ணை ஒன்றாகத் தராமல், வேகத்துக்கு ஏற்ப .505, .496, .485 என்று மூன்றாகத் தருகிறது. காரணம், குண்டு மாதிரியைப் போல இல்லை. வேகம் குறையக் குறைய ஒப்பீடு மாறுகிறது. அதே குண்டுக்கு ஜி7-ல் .243 என்ற ஒரே எண் கிட்டத்தட்ட முழுத் தூரத்துக்கும் பொருந்துகிறது. ஆகவே நீண்ட தூரத்துக்கு ஜி7. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜி7 என்று தேர்ந்தெடுத்துவிட்டு .505 என்று போட்டால், உலகத்தில் இல்லாத ஒரு அதிசயக் குண்டுக்குக் கால்குலேட்டர் பணிவாகக் கணக்குப் போட்டுத் தரும். அது தப்பு என்று அதற்குத் தெரியாது.

இதுவரை சொன்னவை கால்குலேட்டருக்குள் இருக்கும் எண்கள். அதற்கு வெளியே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

ஒன்று, ஸ்கோப்பின் திருகு. 38 மினிட் திருப்பினால் உள்ளே கண்ணாடி உண்மையாகவே 38 மினிட் நகர்கிறதா? இரண்டு சதவீதம் குறைவாக நகர்ந்தால் ஆயிரம் கெஜத்தில் எட்டு அங்குலம் போச்சு. பலர் இதைக் கண்டுபிடிக்காமல், தங்கள் பி.சி. தவறு என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சோதிப்பது சுலபம். நூறு கெஜத்தில் ஒரு உயரமான காகிதம், அதில் தூக்குநூல் பிடித்து வரைந்த செங்குத்துக் கோடு, நாடாவால் அளந்த தூரம். கீழே ஒரு புள்ளியையே குறிவைத்துக்கொண்டு, திருகை 30 மினிட் ஏற்றிச் சுட்டு, துளைகளுக்கு நடுவே அளந்தால் 31.4 அங்குலம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, துப்பாக்கியின் சாய்வு. அதே காகிதத்தில் துளைகள் கோட்டை விட்டு விலகிப் போனால் ஸ்கோப் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் ஆயிரம் கெஜத்தில் பக்கவாட்டில் ஏழு அங்குலம். மூன்று டிகிரிக்கு 20 அங்குலத்துக்கும் மேல். மூன்று டிகிரிச் சாய்வைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம், அதுவும் சரிவான தரையில் படுத்துக்கொண்டு. ஸ்கோப்பின் மேல் ஒரு ரசமட்டக் குமிழி பூட்டினால் போதும். கைப்பேசிக்குள் இருக்கும் கணினியால் கண்டுகொள்ள முடியாத இருபது அங்குலத்தை அந்தக் குமிழி காட்டிக்கொடுக்கிறது.

இந்த விளையாட்டுக்கு வருபவர்களைச் சட்டென்று கவர்ந்துவிடுவது பூமியின் சுழற்சி. கோரியாலிஸ் என்ற சொல்லே ஒரு மயக்கம் தரும். சரி, அதையும் மாற்றிப் பார்ப்போம். ஒஹையோவின் அட்சரேகையில் ஆயிரம் கெஜத்துக்கு அது வலது பக்கம் ஏறக்குறைய மூன்று அங்குலம். குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால் வரும் விலகல், குண்டை வலப்புறமாகச் சுழற்றும் புரிகள் உள்ளே வெட்டிய குழலில், வலது பக்கம் எட்டு, ஒன்பது அங்குலம். இரண்டும் உண்மையானவை. கால்குலேட்டரில் இவற்றுக்கான பெட்டிகளை டிக் செய்துவிட்டு மறந்துவிடலாம். ஏனென்றால் ஒரே இடத்தில், ஒரே தூரத்துக்கு இவை ஏறக்குறைய எப்போதும் அதே அளவுதான்.

மாறிக்கொண்டே இருப்பது காற்று. மணிக்கு ஒரே ஒரு மைல் வேகமுள்ள குறுக்குக் காற்று, ஆயிரம் கெஜத்தில் இந்தக் குண்டை ஒன்பது, பத்து அங்குலம் தள்ளும். ஒரு மைல் காற்று முகத்தில் உறைக்கக்கூட உறைக்காது. இரண்டு மைல் தவறாக ஊகித்தால் பத்து மதிப்பெண் வளையத்தை மட்டுமல்ல, அடுத்த வளையத்தையும் தாண்டிவிடுவீர்கள்.

குறுக்குக் காற்று குண்டை எப்படித் தள்ளுகிறது என்பது நான் இந்தத் துறையில் படித்ததிலேயே அழகான விஷயம். காற்று பக்கவாட்டில் மோதித் தள்ளுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பது அதுவல்ல. சுழலும் குண்டு, தன்னை நோக்கி வரும் காற்றோட்டத்தின் பக்கம் மூக்கைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறது. காற்றுத் தடை அதைப் பின்னோக்கி இழுக்கும்போது, அந்தச் சாய்வினால் இழுப்பில் ஒரு சிறு பகுதி பக்கவாட்டில் போகிறது. ஆகவே விலகலைத் தீர்மானிப்பது குண்டு காற்றில் இருந்த மொத்த நேரம் அல்ல, தடையால் தாமதமான நேரம். வெற்றிடமாக இருந்தால் நம் குண்டு ஆயிரம் கெஜத்தை 1.15 வினாடியில் கடந்திருக்கும். நிஜத்தில் 1.7. தாமதம் 0.55 வினாடி. மணிக்கு 10 மைல் காற்று வினாடிக்கு 14.7 அடி போகும். இரண்டையும் பெருக்கினால் எட்டு அடி. கால்குலேட்டர் ஆயிரம் சிறு படிகளாகப் பிரித்துப் போடும் கணக்கின் விடையும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு பெருக்கல், அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியிலிருந்து விசித்திரமான விஷயங்கள் வெளிவரும். .22 சிறு ரைபிளில் ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டாவைவிட, ஒலியைவிட மெதுவாகப் போகும் போட்டித் தோட்டாவே காற்றில் குறைவாக விலகும். வேகமானது ஒலி வேகத்தின் அருகே பெரும் தடையைச் சந்தித்து, தன் வேகத்துக்கு ஏற்ற நேரத்தைவிட அதிகம் தாமதப்படுகிறது. வேகம் கூடினால் காற்று தள்ளுவது குறையும் என்ற பொதுப்புத்தி அங்கே தோற்றுப்போகிறது.

ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் நாம் போடும் "10 மைல்" எங்கிருந்து வருகிறது? கையில் இருக்கும் கெஸ்ட்ரல் நாம் நிற்கும் இடத்தின் காற்றை மட்டும் அளக்கிறது. குண்டு பார்வைக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 12 அடி உயரம் வரை ஏறிப் போகிறது. தரையிலிருந்து உயர உயரக் காற்று வேகமாக இருக்கும். நடுவில் ஒரு பள்ளம், இடதுபக்கம் மரவரிசை, கடைசி முந்நூறு கெஜம் திறந்தவெளி என்றால் அங்கே மூன்று வேறு காற்று. சுடுபவருக்கு அருகில் உள்ள காற்று தொடக்கத்திலேயே கோணத்தைத் திருப்பிவிடுவதால் அதற்கு எடை அதிகம். நடுவில் உள்ளது பெரும்பாலும் வேகம் அதிகமாகவும் உயரமாகவும் இருப்பதால் அதையும் விட முடியாது. இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் வேலை இன்னும் மனிதருடையதுதான்.

கேம்ப் பெர்ரியில் ஏரிக்காற்று ஒரே சீராக வருவது போலத் தோன்றும். கொடிகளும் ஒழுங்காகப் பறக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தனித் தொலைநோக்கியை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் குவித்துக் கானலைப் பார்த்தால்தான், அந்தச் சீர்மைக்குள் அது நிமிடத்துக்கு நிமிடம் கூடிக் குறைவது தெரியும். கானல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவது, கொதிப்பதுபோல நேரே மேலே எழுவது, பிறகு மறுபக்கம் சாய்வது. நேரே எழும் அந்தக் கணத்தில் காற்று திசை மாறப் போகிறது என்று பொருள். அப்போது விரலை எடுத்துவிட வேண்டும்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று பலர் கேட்பார்கள். 1874 செப்டம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கிரீட்மூர் சுடுதளத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜத்தில் மோதின. ஐரிஷ்காரர்கள் குழல் முனையில் மருந்து இடித்து நிரப்பும் ரைபிள்கள், அமெரிக்கர்கள் பின்புறம் திறக்கும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் அமெரிக்கா வென்றது. ஐரிஷ் அணியில் ஒருவர் நடுப்புள்ளியில் போட்ட ஒரு குண்டு, தவறிப் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில் பட்டிருந்ததால் கணக்கில் சேரவில்லை. மினிட்டுக்கும் குறைவாக நகர்த்தக்கூடிய, வெர்னியர் அளவுகோல் பொருத்திய குறிபார்க்கும் கருவிகள் அவர்களிடம் இருந்தன. இன்றைய தினம், இந்த வெயில், இந்தக் காற்று, இத்தனை தூக்கினேன், இங்கே பட்டது என்று எழுதி வைத்துக்கொண்டே வளர்ந்த பரம்பரை அது. இன்று நீண்ட தூரத்துக்குப் பெயர்போன 6.5 கிரீட்மூர் தோட்டா அந்தத் தளத்தின் பெயரைத் தாங்குகிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தை நான் விடவில்லை. கால்குலேட்டர் சொன்ன எண் ஒரு பத்தியில், உண்மையில் பட்டது அடுத்த பத்தியில். இரண்டும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்பதில் சுடுபவர்களுக்குள் சண்டையே உண்டு. கால்குலேட்டருக்குள் போய் வேகத்தையோ பி.சி.யையோ நகர்த்தி, விடை பட்ட இடத்துக்குப் பொருந்தும்வரை சரிசெய்வது வழக்கம். இதை ட்ரூயிங் என்பார்கள். நானும் செய்வேன், ஆனால் கடைசியில்தான். முதலில் நூறு கெஜ ஸீரோவை, அதாவது துப்பாக்கியை அந்தத் தூரத்துக்குச் சரிசெய்து வைத்ததை, மறுபடி பார்க்க வேண்டும். அங்கே கால் அங்குலப் பிழை ஆயிரத்தில் இரண்டரை அங்குலம். பிறகு ஸ்கோப்பின் உயரம்: குழலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடுவுக்குக் கால் அங்குலம் தவறாக அளந்திருந்தால் ஆயிரத்தில் இரண்டேகால் அங்குலம். பிறகு திருகுச் சோதனை, தூரம், அழுத்தம். எல்லாம் சரியாக இருந்து, பல நாள் பதிவுகளும் ஒரே பக்கமாக விலகினால் மட்டும், குண்டு இன்னும் ஒலியைவிட நன்றாக வேகமாக இருக்கும் தூரத்தில், .308-க்கு 800 கெஜம் வாக்கில், வேகத்தை மெல்ல நகர்த்தலாம். நல்ல குரோனோகிராஃப் 2600 என்று சொல்லும்போது, விடை பொருந்த வேண்டுமென்று 2560 என்று போடுபவர், உண்மையான கோளாறு ஒன்றை அந்த நாற்பது அடிக்குள் புதைக்கிறார். வேறு தூரத்தில், வேறு வெயிலில் அது மறுபடி எழுந்து வரும்.

800-க்கு மேல் வேறு ஒரு சிக்கல். ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது இந்தக் குண்டின் வேகம் வினாடிக்கு 1200 அடிக்கு அருகில் வந்துவிடுகிறது. ஒலியின் வேகம் 15 டிகிரியில் ஏறக்குறைய 1116 அடி. அந்த எல்லையை ஒட்டிய பகுதியில் குண்டின் மேல் அதிர்வலைகள் இடம் மாறி, தடை தாறுமாறாகி, சில குண்டுகள் தள்ளாடத் தொடங்கும். ராபின்ஸ் ஊசலில் பார்த்த அதே இடம்தான். எந்த மாதிரியும் அங்கே முழு நம்பிக்கைக்குரியது இல்லை. டாப்ளர் ரேடாரால் ஒவ்வொரு குண்டின் தடையையும் தனித்தனியாக அளந்து தரும் புதிய வளைவுகள் நிறைய உதவுகின்றன. ஆனாலும் உங்கள் குழல், உங்கள் புரிகளின் வேகம், அந்தக் குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவற்றில் இல்லை.

வரும் ஜனவரியில் எங்கள் கிளப் ரேஞ்ச் திறந்திருக்கும் ஒரு உறைகுளிர் நாளில் அதைத்தான் பார்க்கப் போகிறேன். பூச்சிய டிகிரியில் காற்று அடர்த்தியாகும், மருந்து மெதுவாக எரியும், ஒலியின் வேகமும் 1087 அடிக்கு இறங்கும். 175 கிரெயின் குண்டு ஆயிரத்தைத் தொடும்போது அந்த எல்லையை உரசிக்கொண்டிருக்கும். ஜி7-ஐ வைத்து ஒரு எண்ணும், ரேடார் வளைவை வைத்து ஒரு எண்ணும் ஏற்கெனவே நோட்டில் எழுதியாகிவிட்டது. குளிரில் கைப்பேசி பேட்டரி படுத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி ரைபிளின் கட்டையில் ஒட்டிக்கொண்டு போவேன். மூன்றாவது பத்தி காலியாக இருக்கிறது.